சோறு கொண்டு வந்தவள்

அத்தியாயம் 11

"எங்கம்மா உங்க கம்பெனியில வேலை பாக்கும்போதுதான் செத்துச்சுன்னு எழுதிக் குடுங்க, சார்."

கேட்டுவிட்டாள் மாரிசெல்வி. பத்து மாதமாகத் தொண்டையில் நின்ற முள், பாலகுரு முதலாளி வீட்டுக் கூடத்தில், கப்பல் புக்கிங் படிவத்தின் மேல் வந்து விழுந்தது.

முதலாளி பேனாவை மூடினார். எதிரே உட்கார்ந்திருந்த மருமகள் பானுப்பிரியா, கையிலிருந்த காபி டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே பிடித்துக்கொண்டாள்.

இந்த ஒன்றை மட்டும் கேட்டுவிடாதே என்று மாரிசெல்விக்கு இரண்டு பேர் சொல்லியிருந்தார்கள். ஒருவர் அப்பா ஊர்க்காவலன். இதே முதலாளியின் கம்பெனியில் லோடு வண்டி ஓட்டுகிறவர். இன்னொருத்தி ரோஷினி அக்கா. சிவகாசியில் மாரிசெல்வி வேலை பார்க்கும் டிராவல்ஸ் ஆபீசை நடத்துகிறவள். பதினோரு பேருக்குக் கப்பல் புக்கிங், இந்த வருசத்திலேயே பெரிய ஆர்டர், உன் வீட்டுக் கதையை அங்கே போய் அவிழ்த்துவிடாதே என்று நேற்று ஃபைலைக் கொடுக்கும்போதே சொல்லியனுப்பினாள். மாரிசெல்வியும் தலையாட்டினாள். தலையாட்டுவது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை. அதனால்தான் அது ஒரு ராத்திரிகூடத் தாங்கவில்லை.

விடாமல் படித்து வருகிறவர்கள் அடுத்த நாலு பத்தியைத் தாண்டிப் போகலாம். நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

போன மே மாதம் இருபத்தோராம் தேதி, எம். புதுப்பட்டிப் பக்கம் பாலகுருவின் பட்டாசுக் கம்பெனியில் ஓர் அறை வெடித்தது. உள்ளே திரி வெட்டிக்கொண்டிருந்தவள் ஒரே ஒருத்தி. பத்திரகாளி, மாரிசெல்வியின் அம்மா. ஆனால் கம்பெனி ரிஜிஸ்டரில் பத்திரகாளி என்று ஒரு பேரே கிடையாது. நாலு வருசமாக அவள் தன் தங்கச்சி வெள்ளைத்தாயின் பேரில்தான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

காரணம் இருந்தது. வெள்ளைத்தாயின் புருஷன் மாரிசாமிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் மதுரைக்குப் போய் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். அது நடப்பது வெள்ளைத்தாயின் இ.எஸ்.ஐ. கார்டில், கம்பெனியில் வேலை பார்க்கிறவர்களுக்குக் கிடைக்கிற காப்பீட்டில். அவள் வேலைக்குப் போனால் புருஷனைப் பார்க்க ஆளில்லை. போகாவிட்டால் கார்டு செத்துவிடும். அக்காக்காரி ரொம்ப யோசிக்கவில்லை. தன் உடம்பும் தங்கச்சி பேருமாக வேலைக்குப் போனாள். போர்மேனுக்குத் தெரியும். பக்கத்து அறைப் பெண்களுக்குத் தெரியும். யாருக்கும் அது தப்பாகப் படவில்லை.

வெடித்த அன்று போர்மேன் வாயில் வந்த பேர்தான் பிணத்தின் கால் அட்டையில் ஏறியது. வெள்ளைத்தாய் செத்துப்போனாள் என்று ஊருக்குச் சேதி வந்தது. தெருவே அழுதுகொண்டு வாசலில் கூட, புருஷனுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்த வெள்ளைத்தாய் வெளியே வந்து, நான் இங்கன இருக்கேனே என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. தன் பேரில் அங்கே கிடப்பது யார் என்று புரிந்ததும், கஞ்சிச் சட்டியோடு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலத்துக்குள் கம்பெனி ஒரு தாள் தயாரித்தது. இறந்தவர் தொழிலாளி அல்ல. டிரைவர் ஊர்க்காவலனுக்கு மதியச் சோறு கொண்டு வந்த அவர் மனைவி. கீழே ஊர்க்காவலன் கையெழுத்துப் போட்டார். ஏன் போட்டீர்கள் என்று மகள் கேட்கும்போதெல்லாம், துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார்.

இனி, இன்று திங்கட்கிழமை காலை.

பாலகுருவுக்கு அறுபது முடிகிறது. கோயிலில் அறுபதாம் கல்யாணத்தை முடித்த கையோடு குடும்பமாகச் சிங்கப்பூர் போய், அங்கிருந்து நாலு நாள் கப்பல். ஏழரை மணிக்கே படிவங்களோடு போய் உட்கார்ந்தாள் மாரிசெல்வி.

பாலகுரு கேள்வி கேட்பதில் கெட்டிக்காரர். கப்பல் சாயங்காலம்தானே கிளம்புகிறது, அன்று காலையில் போய் இறங்கினால் போதாதா என்றாள் பானுப்பிரியா. விமானம் தாமதமானால் கப்பல் உங்களுக்காக நிற்காது, ஒரு நாள் முந்திப் போய்த் தங்கிவிடுங்கள் என்றாள் மாரிசெல்வி. சரி என்றார் முதலாளி. அங்கே விமான நிலையத்திலிருந்து ஓட்டலுக்கும், மறுநாள் துறைமுகத்துக்கும் எப்படிப் போவது? கப்பல்காரர்களின் பஸ் என்றால் மற்றப் பயணிகளுக்காகக் காத்துக் கிடக்க வேண்டும். பதினோரு பேர், கைக்குழந்தை, பெட்டிகள். தனி வேன் என்று முடிவாயிற்று. வேன்காரன் வராவிட்டால் யார் பொறுப்பு, அது எந்தத் தாளில் எழுதியிருக்கிறது என்று கேட்டு, அந்த வரியைத் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் பக்கத்தைத் திருப்பினார்.

அடுத்தது இன்சூரன்ஸ்.

வேண்டுமா வேண்டாமா என்பதற்கு அவருக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. பதினோரு பேருக்கும் போடு, எட்டு மாதப் பேரனுக்கும் சேர்த்து என்றார். எதெதற்குக் கிடைக்கும் என்று வாசிக்கச் சொன்னார். கப்பலைத் தவறவிட்டால். பெட்டி தொலைந்தால். நடுக்கடலில் நோய் கண்டு கரைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தால். கடைசி வரி இது. பயணத்தில் இறந்தவரின் உடலைச் சொந்த ஊர் கொண்டு வந்து சேர்க்கும் செலவு.

நல்ல காரியத்துக்குப் போகும்போது இதையெல்லாம் வாசிக்கணுமா என்று பானுப்பிரியா முகத்தைச் சுளித்தாள். வாசிக்கட்டும், எல்லாம் தெரிந்துகொண்டுதான் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும் என்றார் முதலாளி.

மாரிசெல்விக்கு அந்த அட்டை ஞாபகம் வந்தது. அம்மாவின் கால் கட்டைவிரலில், சணலில் கட்டி, சித்தியின் பேரோடு.

பழைய நோய் ஏதும் உண்டா என்று ஒரு கேள்வி. மூன்று வருசம் முந்தி முதலாளியின் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருந்தது. இல்லை என்று போட்டுவிடு, யார் கேட்கப்போகிறார்கள் என்றார்.

"கேப்பாங்க சார். கப்பல்ல நெஞ்சு வலிச்சு எறக்குனா மொத வேலையா பழைய ரிப்போர்ட்டத்தான் கேப்பாங்க. இதுல எழுதலைன்னா கைய விரிச்சிருவாங்க. எழுதாதது அவங்களுக்கு நடக்காதது."

சொன்ன வார்த்தை அவள் காதிலேயே திரும்ப வந்து அறைந்தது. முதலாளி கொஞ்சம் யோசித்து, அப்படியானால் உள்ளபடி எழுது என்றார்.

கடைசியாக ஒன்று பாக்கி. சிவகாசியிலிருந்து மதுரை விமான நிலையம் வரைக்கும் வண்டி. அதற்கு வெளி ஆள் எதற்கு, கம்பெனி வேன் இருக்கிறது, உங்கப்பனே எடுப்பான், நிதானமாக ஓட்டுகிறவன் என்றார் பாலகுரு.

கிளம்பும் தேதியைப் பார்த்தாள். மே இருபத்தொன்று.

அப்போதுதான் அந்த முள் வெளியே வந்து விழுந்தது.

பாலகுரு சத்தம் போடவில்லை. மருமகளை உள்ளே போகச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார்.

"உங்கப்பன் கையெழுத்துப் போட்ட தாள் இருக்கே, தாயி."

"படிக்கத் தெரியாத மனுசங்கிட்ட வாங்குன கையெழுத்து சார் அது."

"ரெண்டு தடவ வாசிச்சுக் காட்டித்தான் வாங்குனேன். அவன் எதுக்குப் போட்டான்னு நீ கேட்டியா?"

கேட்டதுண்டு, அப்பா சொன்னதில்லை. அவர்தான் சொன்னார். வெள்ளைத்தாய் பேர் இன்றைக்கும் ரிஜிஸ்டரில் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தப் பத்து மாதத்தில் ஒரு நாள்கூட அவள் கம்பெனி வாசலை மிதித்ததில்லை. ஆனாலும் ஆஜர் விழுகிறது. கார்டுக்குக் கட்ட வேண்டியது மாசாமாசம் போகிறது. அன்றைக்கு ஊர்க்காவலன் கேட்டது அது ஒன்றுதான். அவன் கையெழுத்துப் போட்டான். இவர் வாக்குக் கொடுத்தார்.

"ஒரு உசுரு போயிருச்சு. இன்னொரு உசுர நிப்பாட்டி வச்சிருக்கோம். நீ கேக்குறத நான் எழுதிக் குடுத்தா அங்கன வேலை பாத்தது பத்திரகாளின்னு ஆகும். அப்ப வெள்ளைத்தாயி யாருன்னு இ.எஸ்.ஐ.காரன் கேப்பான். கார்டு நிக்கும். நாளைக்குச் செவ்வாக்கிழமை. உங்க சித்தப்பன எந்த மெசின்ல கொண்டு போயிப் படுக்க வைப்ப?"

அது மிரட்டலாகவும் இல்லை, அக்கறையாகவும் இல்லை. வேன்காரன் வராவிட்டால் யார் பொறுப்பு என்று கேட்டாரே, அதே குரல்.

மாரிசெல்விக்கு உள்ளங்கால் வரை எரிந்தது. இந்த வீட்டில் பால்குடிக் குழந்தைக்குக்கூடத் தன் பேரில் ஒரு தாள். எங்கள் வீட்டில் இரண்டு பொம்பளைகளுக்குச் சேர்த்து ஒரு பேர். அதிலும் ஒருத்தி செத்த பிறகு, அந்தப் பேருக்கு ஆளே வேண்டியதில்லை.

காமர்ஸ் படித்தவள், அந்தத் தெருவில் கல்லூரி வாசலைப் பார்த்த முதல் பெண். பேச்சில் யாருக்கும் சளைக்காதவள். செவ்வாய்க்கிழமை என்ற ஒரு வார்த்தைக்கு முன்னால் ஊமையாக உட்கார்ந்திருந்தாள்.

பிறகு படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, மதுரை வரைக்கும் வெளி வண்டி என்று எழுதினாள்.

"அன்னைக்கு எங்கப்பாவுக்கு வீட்டுல வேலை இருக்கு, சார்."

பாலகுரு பேனாவைத் திறந்தார். ஒவ்வொரு பக்கமாகப் படித்துப் படித்துக் கையெழுத்துப் போட்டார்.

ஃபைலை ஆபீஸ் மேசையில் வைத்தபோது ரோஷினிக்கு வாயெல்லாம் பல். இன்சூரன்ஸ், வேன், எல்லாவற்றிலும் முதலாளி கையெழுத்து. இன்றைக்கு லீவு வேண்டும் என்றாள் மாரிசெல்வி. எடுத்துக்கோ என்றாள் ரோஷினி. எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்பதரை. ஊர்க்காவலன் அடுப்படியில் சோறு வடித்துக்கொண்டிருந்தார். மதியத்துக்கு மேல்தான் சாத்தூருக்கு லோடு. முதலாளி போனில் பேசிவிட்டார் என்பது அப்பாவின் முதுகைப் பார்த்ததுமே தெரிந்தது.

"எதுக்குப்பா எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா சண்டைக்குப் போவ. போயிட்டேல்ல."

சித்திக்குத் தெரியுமா என்று கேட்டாள். அவளுக்குத் தெரியும், மாரிசாமிக்குத் தெரியாது, தெரிந்தால் அவன் மெஷினில் படுக்க மாட்டான் என்று அடுப்பைப் பார்த்தே சொன்னார். அம்மா செத்த நாள் அன்று நீங்கள் மதுரைக்கு வண்டி ஓட்ட வேண்டாம், வெளி வண்டி எழுதிக் கொடுத்துவிட்டேன் என்றாள்.

ஊர்க்காவலன் திரும்பினார். கையில் வடிதட்டு.

"அத ஏன் தாயி மாத்துன? அந்த ட்ரிப்ப நாந்தான் கேட்டு வாங்குனேன்."

"எதுக்கு?"

"அன்னைக்கு இந்த வீட்டுக்குள்ள எப்படி இருப்பேன்? ரோட்டுல போயிக்கிட்டு இருந்தா ரோடாவது கண்ணுக்கு முன்னால ஓடிக்கிட்டு இருக்கும்."

மாரிசெல்வி சுவரோடு சாய்ந்தாள். முதலாளியிடமிருந்து அப்பாவைப் பிடுங்கிக் கொண்டு வந்ததாக நினைத்திருந்தாள். அந்த மனுஷனுக்கு அன்றைக்கு மிச்சமிருந்த ரோட்டைத்தான் பிடுங்கியிருக்கிறாள்.

உங்கம்மா உசுரோடு இருந்தால் அவளே கையெழுத்துப் போடச் சொல்லியிருப்பாள் என்றார் ஊர்க்காவலன். தங்கச்சி புருஷனுக்காக அவள் எதையும் விட்டுக் கொடுப்பாள், பேரையா கொடுக்க மாட்டாள் என்றார். இருந்தால் அவளிடமே கேட்டிருப்பேனே என்றாள் மாரிசெல்வி.

அவள் கண் அடுப்புப் பக்கத்திலிருந்த தூக்குச் சட்டியில் நின்றது. இந்த வீட்டில் சமையல் என்றைக்கும் அப்பாவோடது. எந்தக் கம்பெனி வேலையானாலும் அம்மா விடிந்தும் விடியாமலும் கிளம்பிப் போகிறவள். அதற்குள் எழுந்து, வடித்து, தாளித்து, அவள் கையில் தூக்குச் சட்டியைக் கொடுத்து அனுப்புகிறவர் இவர். வெடித்த அன்றைக்குப் புளிச்சோறு. மூடி திறக்காமலே திரும்பி வந்தது.

"அந்தத் தாள்ல எழுதுனதுலயே எது பெரிய பொய்யுன்னு தெரியுமாப்பா? சோறு கொண்டு போனது அம்மா இல்ல. இருபது வருசமா அதுக்குச் சோறு கட்டிக் குடுத்தது நீங்க."

ஊர்க்காவலன் வடிதட்டைக் கீழே வைத்துவிட்டு அடுப்பு முன்னால் உட்கார்ந்தார். அழவில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போலத் தரையைத் தடவிக்கொண்டிருந்தார்.

சித்தி வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் வெந்நீர் வைப்பார்கள். இது மாரிசெல்விக்கு மறந்துபோயிற்று.

சுவரைப் பிடித்துப் பிடித்து வாசலுக்கு வந்து நின்றார் மாரிசாமி. ஊசி குத்திக் குத்தி வீங்கிய கை. பின்னாலேயே வெள்ளைத்தாய், முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு.

"சகல, நெசமா?" என்றார் மாரிசாமி.

ஊர்க்காவலன் தலையைத் தூக்கவில்லை. அதுவே பதிலாயிற்று.

"என் ரத்தத்தக் களுவுறதுக்கு மதினி பேரக் களுவிட்டீகளே."

வெள்ளைத்தாய் அவர் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள். மாரிசெல்வி பையைத் திறந்தாள். உள்ளே ஒரு தாள், நேற்றே டைப் அடித்தது. விருதுநகரை ஒட்டிய சூலக்கரையில், கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் கொடுக்கிற மனு. அம்மா எந்தப் பேரில், எதற்காக, எத்தனை வருசம் வேலை பார்த்தாள் என்று உள்ளது உள்ளபடி. இன்னொன்று வெற்றுப் படிவம். ஆபீசிலிருந்து வரும் வழியில் கம்ப்யூட்டர் கடையில் எடுத்தது. பஸ்ஸில் வரும்போது யோசித்தது இதைத்தான். ஊரார் உசுருக்கெல்லாம் இன்சூரன்ஸ் எழுதுகிறவள், தன் வீட்டு உசுரைப் பற்றி ஒரு தடவையாவது விசாரித்திருக்க வேண்டாமா?

சித்தியிடம் சொன்னாள். அரசாங்கக் காப்பீட்டு அட்டை என்று ஒன்று இருக்கிறது. அதிலும் மெஷினில் சுத்தம் செய்யலாம். அதற்குக் கம்பெனி வேண்டாம், ஆஜர் வேண்டாம், முதலாளி வாக்கும் வேண்டாம். ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் ஆஸ்பத்திரி ஃபைலும் இருந்தால் போதும். விண்ணப்பத்தையும் அதே சூலக்கரையில்தான் கொடுக்க வேண்டும். இரண்டையும் இன்றைக்கே கொடுத்துவிடுவேன்.

"எம்புட்டு நாளாகும்?" என்றாள் வெள்ளைத்தாய்.

"தெரியாது சித்தி. ஒரு வாரம் ஆகலாம். ஒரு மாசம் ஆகலாம்."

"அதுக்குள்ள கம்பெனிக்காரக என் பேர எடுத்துட்டாகன்னா? நாளைக்கு மெசின் இல்லைன்னு சொல்லிட்டா நான் இவுகளத் தூக்கிக்கிட்டு எங்கன போவேன்?"

முதலாளி கேட்ட அதே கேள்வி. சித்தி வாயிலிருந்து வந்தபோது அதற்குக் கண்ணீர் இருந்தது. ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிடலாம். மாரிசெல்வி சொல்லவில்லை. இந்த வீட்டில் சொன்ன பொய் போதும்.

வெள்ளைத்தாய் அக்கா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கு என் பேரச் சொல்லித்தான் ஊரே அழுதுச்சு. அவ பேரச் சொல்லி அழ எனக்கு மட்டும் ஆச இல்லையா? இவுக பொழைச்சுக் கெடக்கட்டும்னுதான வாயப் பொத்திக்கிட்டு இருக்கேன்."

கையை விட்டாள். உள்ளே போனாள். திரும்பி வருவாளா, கதவைச் சாத்திக்கொள்வாளா என்று தெரியவில்லை. வந்தாள். மஞ்சள் பையில் ரேஷன் கார்டும், சான்றும், தடித்த ஆஸ்பத்திரி ஃபைலும் இருந்தன. மாரிசெல்வியின் கையில் கொடுக்காமல், மாரிசாமியின் மடியில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மாரிசாமி அந்தப் பையை எடுத்து நீட்டினார்.

"நாளைக்கு நடக்குறது நாளைக்கு. மதினி பேர எழுதிட்டு வா, தாயி."

வாங்கிக்கொண்டாள். மனுவை ஒருமுறை பிரித்துப் பார்த்தாள். தேதியை விடிகாலையிலேயே போட்டாகிவிட்டது. முதலாளி வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு முன்பே, அவர் எழுதிக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் மனுவைக் கொடுத்தே தீர்வது என்று. கீழே தன் பேர். மேலே, முதல் வரியில், அம்மா பேர். அந்தப் பேர் ஒரு தாளில் இத்தனை தெளிவாக இருந்து அவள் பார்த்ததே இல்லை.

செருப்பை மாட்டும்போது பின்னால் தூக்குச் சட்டியின் மூடி அழுத்திச் சாத்துகிற சத்தம் கேட்டது. ஊர்க்காவலன் வந்து நின்றார். தூக்குச் சட்டியை நீட்டினார்.

"வரிசை நீளமா இருக்கும்," என்றார். "சாப்பிட்டுரு."

சட்டி சூடாக இருந்தது. இரண்டு தாளும் கசங்காமல் பக்கவாட்டில் தள்ளி, அதைப் பையில் வைத்துக்கொண்டு படி இறங்கினாள்.

தெருவில் கால் வைத்தபோது உள்ளே அப்பாவின் போன் அடித்தது. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். முதலாளி கூப்பிட்டால் மட்டும் கேட்கும்படி அவளே வைத்துக் கொடுத்தது. மூன்று முறை அடித்தது. நாலாவது பாதியில் நின்றது. அப்பா எடுத்தாரா, துண்டித்தாரா என்று பார்க்கத் திரும்பவில்லை.

விருதுநகர் பக்கம் போகும் பஸ் முக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தது. கையை நீட்டிக்கொண்டே நடந்தாள்.